வொரோனின் உடலா, அடைப்புமணியா?

பூஞ்சைகளைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இழை காயமுற்றதும் செப்டத்தின் துளையை வொரோனின் உடல் வந்து மூடிக்கொள்ளும்" என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. யாரோ ஒருவருடைய சடலம் மிதந்து வந்து மடையில் சிக்கிக்கொண்ட காட்சிதான் மனத்தில் எழுந்தது. இந்தச் சொல்லாட்சியை நான் காண்பது முதல்முறையும் அன்று.

வொரோனின் என்பவர் உருசிய நாட்டுப் பூஞ்சையியலாளர் மிகயீல் வொரோனின் (1838–1903). அந்த வரியில் 'வொரோனின் உடல்' எனப்பட்டவை பூஞ்சைச் செல்லுக்குள் இருக்கும் நுண்துகள்கள். 1864-இல் அஸ்கோபோலஸ் என்னும் பூஞ்சையில் அவற்றைக் கண்டவர் அவர். அவர் பெயரை அவற்றுக்கு 1933-இல் சூட்டியவர் கனடாவில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் புல்லர். 'வொரோனின் பாடி' என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'பாடி' என்ற பின்னொட்டுக்கு ஆழ்ந்த பொருள் ஏதுமில்லை. நுண்ணோக்கியில் தெரிந்தும் இன்னதென்று சொல்ல இயலாத சிறு திரளுக்கெல்லாம் அக்காலத்தார் இட்ட பொதுப்பெயர் அது.

அதன் தொழில் இன்று தெளிவாகத் தெரியும். இழைவடிவப் பைப்பூஞ்சைகளின் ஒவ்வோர் இழையும் குறுக்குச்சுவர்களால் (அந்த வரியின் 'செப்டம்' இதுதான்) அறைகளாகப் பிரிந்திருக்கும். சுவரின் நடுவே ஒரு துளை இருக்கும். அதன் வழியே செல்நீர்மமும் இழைமணிகளும் (மைட்டோகாண்டிரியாக்களும்), சில வேளைகளில் உட்கருக்களும்கூட அறைவிட்டு அறை ஓடும். ரொட்டியில் செம்மஞ்சளாகப் படரும் நியூரோஸ்போராவின் இழையை நுண்ணோக்கியின்கீழ் சவரத்தகட்டால் அறுத்தால், வெட்டுவாயிலிருந்து செல்நீர்மம் பீறிட்டு வழிகிறது. அந்த ஓட்டத்திலேயே அடித்துவரப்பட்ட ஒரு மணி, அதாவது வொரோனின் துகள், வெட்டுவாய்க்கு அருகிலுள்ள சுவரின் துளையில் போய்ப் பொருந்த, சில நொடிகளில் கசிவு நின்றுவிடுகிறது. அறுபட்ட அறை அழியும்; அடுத்த அறை பிழைக்கும். பிறகு அடைப்பின் பின்னாலிருந்து புதிய இழைநுனி கிளம்பும். பெராக்சிசோம் என்னும் செல் நுண்ணுறுப்பிலிருந்து பிரியும் இந்த மணியின் உள்ளே ஹெக்ஸ்-1 என்னும் புரதம் கெட்டியான படிகமாக இறுகியிருப்பதை 2000-இல் கிரிகரி ஜெட்டும் நாம்-ஹாய் சுவாவும் காட்டினர். அப்புரதம் இல்லாத திரிபினத்தில் வெட்டுவாய் எளிதில் அடைபடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

இத்தகைய ஒன்றை 'உடல்' என்றால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? பூஞ்சையியலில் 'கனியுடல்' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. மழைக்குப் பின் மண்ணுக்கு மேலே நாம் காணும் குடைக்காளான் அது. ஒரே கட்டுரையில் அதையும் இதையும் படிப்பவர், வொரோனின் உடலும் ஒருவகைக் காளான் என்று எண்ணினால் குற்றம் அவருடையதன்று. இதில் வேடிக்கை என்னவென்றால், குடைக்காளான்களில் இந்த மணியே கிடையாது. அவற்றின் குறுக்குச்சுவர்த் துளையின் அமைப்பே வேறு.

ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தருவதுதான் நேர்மை என்று சிலர் வாதிடுவர். அந்த நேர்மை நோயெதிர்ப்பியலில் எங்கே போயிற்று? அங்கே 'ஆன்டிபாடி'யிலும் அதே 'பாடி'தான் இருக்கிறது; ஆயினும் நாம் 'எதிருடல்' என்று எழுதவில்லை. 'எதிர்ப்பொருள்' என்றோம், இலங்கையர் 'பிறபொருளெதிரி' என்றனர். இரண்டும் அதன் செயலைப் பார்த்து அமைந்தவை. 'உடலம்', 'உடலி' என்று விகுதியை மாற்றுவோரும் அதே பிணத்துக்குத்தான் வேறு சட்டை மாட்டுகிறார்கள். ஒரு பட்டியலில் 'காயவடைப்புடலம்' என்றுகூடக் கண்டேன். 'காயம்' என்பதற்கே பழந்தமிழில் உடல் என்ற பொருளும் உண்டு என்பதை அதை ஆக்கியவர் மறந்திருக்க வேண்டும்.

மேற்காட்டிய வரியில் எனக்கு மேலும் எரிச்சலூட்டியது 'செப்டம்'. பள்ளிப் பிள்ளையும் அறிந்த 'குறுக்குச்சுவர்' இருக்க, அதை ஒலிபெயர்த்துவிட்டு, சொல்லுக்குச் சொல் பெயர்க்கவே கூடாத 'பாடி'யை மட்டும் பெயர்ப்பது என்ன முறை? இவ்வாறு எழுதுவோர் பொருளைப் பார்ப்பதில்லை. அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள், கிடைக்காததை ஒலிபெயர்த்துவிடுகிறார்கள்.

என் பரிந்துரை 'வொரோனின் அடைப்புமணி'. 'இழைமணி'யில் பழகிய 'மணி', செல்லுக்குள் இருக்கும் சிறுபொருள் என்பதை உணர்த்தும். 'அடைப்பு' அதன் வேலையைச் சொல்லும். நியூரோஸ்போராவில் அது அறுகோண வடிவினது, உருண்டையன்று என்று மறுப்போருக்கு, நெல்மணியும் உருண்டையன்று என்பதே விடை. ஏரித் தூம்பின் துளையை அடைக்கும் 'குமிழி' என்ற சொல்லின்மீது எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. செயலும் அப்படியே ஒத்துவரும். ஆனால் இன்றைய வாசகருக்குக் குமிழி என்றால் சோப்பு நுரைதான் நினைவுக்கு வரும் என்பதால் மனமின்றி அதைக் கைவிட்டேன்.

அந்த மெய்ப்பில் இரண்டையும் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த படியில் செப்டம் குறுக்குச்சுவராகியிருந்தது. உடல் மட்டும் அப்படியே கிடந்தது.