9 கிலோ குறைந்தது சரி, குறைந்தது எது?

போன வருடம் என்னிடம் ஆலோசனைக்கு ஒரு அக்கா வந்தார். வயது 46, வங்கி வேலை. மூன்றே மாதத்தில் 74 கிலோவிலிருந்து 65-க்கு இறங்கியிருந்தார். "எல்லாரும் நல்லா இளைச்சுட்டேன்னு சொல்றாங்க மேடம், ஆனா பஸ் படி ஏறினாலே தொடை நடுங்குது." என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால், காலையில் தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், மதியம் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி பப்பாளி, கூடவே ஒரு மணி நேர நடை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். 19 விநாடி ஆனது. வயதானவர்களுக்கே 15-ஐத் தாண்டினால் கால் தசை பலவீனம் என்று கணக்கு.

வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக் கரைக்காது, தசையிலும் கைவைக்கும். குறைகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பில்லாத பகுதியாக இருக்கலாம், வேகமாக இளைத்தால் இன்னும் கூடும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜனும் குறைவதால் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. ஆனால் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் கொழுப்பு மட்டும் சமர்த்தாகத் திரும்பி வந்துவிடும்.

"நாங்க தினமும் சாம்பார்தான் மேடம், பருப்பு இருக்கே" என்பார்கள். அந்த அக்கா வீட்டில் நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள். அதில் புரதம் சுமார் 22 கிராம், ஆளுக்கு ஐந்தரை. அதுவும் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவருக்குத் தெளிவுதான் மிஞ்சும்! எடை குறைக்கிற காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், 65 கிலோ இருக்கிற அவருக்கு 78 கிராம். இரண்டு முட்டை 12, நூறு கிராம் மீன் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10, பாலும் தயிருமாக 12, காலையில் தோசைக்குப் பதில் பருப்பு தாராளமாகப் போட்ட அடை, மீதி சோறும் குழம்பும் பார்த்துக்கொள்ளும். சைவம் என்றால் மீனுக்குப் பதில் 40 கிராம் சோயா உருண்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம்.

நடை இதயத்துக்கு நல்லது, தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்க வேண்டும். ஜிம்முக்குப் போனால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆக நம் உடம்பில் அவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் கிடையாது. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுத் தூக்குவது என்று ஆரம்பிக்கலாம். பத்துப் பன்னிரண்டு முறையில் கை சோர வேண்டும், சோரவில்லை என்றால் அரிசியைக் கூட்டுங்கள்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்களுக்கும் இதேதான். பசியே எடுக்காததால் அவர்கள் தட்டில் முதலில் காணாமல் போவது முட்டையும் பருப்பும்தான்.

அந்த அக்கா அடுத்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு கிலோ குறைந்தார். என்மேல் கோபம். நாற்காலியில் 11 விநாடி, ஜாக்கெட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் ரெண்டாவது பேச்சு, "காசு வாங்கிட்டு ஒரு கிலோதானா?" என்றுதான் ஆரம்பித்தார்.