நியூரோஸ்டீராய்டை ‘நரம்பு ஊக்கமருந்து’ என்று எழுதலாமா?

குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆன என் தங்கை, போன வாரம் ஒரு கையேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றிய மொழிபெயர்ப்பு அது. ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்: “பிரசவத்துக்குப் பின் மூளையில் நரம்பு ஊக்கமருந்து குறைவதால் மனச்சோர்வு வரலாம்.” கூடவே ஒரு கேள்வி: “அக்கா, நான் ஊக்கமருந்து எதுவுமே எடுத்ததில்லையே, அப்புறம் எப்படிக் குறையும்?”

நியாயமான கேள்வி. அந்தச் சொல்லைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மூளையும் நரம்பும் தாமே உருவாக்கிக்கொள்ளும் ஒரு வகை வேதிப்பொருளுக்கு ‘நியூரோஸ்டீராய்டு’ என்று பெயர். அது வருகிற இடத்தில் ‘நரம்பு ஊக்கமருந்து’ என்று போடுவதை இதற்கு முன்பும் பல தடவை பார்த்துவிட்டேன். இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே குழப்பம் வந்ததால் எழுதிவிடுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தம், ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திடமானது. பித்தக்கல்லில் கிடைத்த திடப்பொருளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கொலஸ்டிரால் என்ற பெயர் வந்தது. அதன் பின்பாதியான ‘ஸ்டீரால்’ தனிச் சொல்லாகி, ‘போன்றது’ என்ற பொருள் தரும் விகுதியும் சேர்ந்து ‘ஸ்டீராய்டு’ ஆயிற்று. முன்னால் உள்ள ‘நியூரோ’ நரம்பைக் குறிக்கும். 1981-இல் பிரெஞ்சு ஆய்வாளர் எத்தியேன்-எமீல் போல்யோ இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எலியின் அட்ரீனல் சுரப்பிகளையும் விந்தகங்களையும் அகற்றிய பிறகும், மூளையில் டிஎச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டு குறையாமல் இருந்ததை அவருடைய குழு கண்டது. வழக்கமாக ஸ்டீராய்டு தயாரிக்கும் சுரப்பிகள் இல்லாதபோதும் அது அங்கே இருக்கிறது என்றால், மூளையிலேயே உருவாகிறது என்றுதானே பொருள்? அந்தப் பிறப்பிடத்தைச் சொல்ல வந்த பெயர்தான் நியூரோஸ்டீராய்டு.

சரி, ‘ஊக்கமருந்து’ இதில் எங்கிருந்து நுழைந்தது? விளையாட்டுச் செய்திகளிலிருந்து. தடகள வீரர் ஒருவர் தடை செய்யப்பட்ட பொருளை எடுத்து மாட்டிக்கொண்டால் ‘ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்’ என்று எழுதுகிறோம். அங்கே அது நல்ல சொல், எனக்கு அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. அப்படிப் பிடிபடும் பொருள்களில் சில ஸ்டீராய்டுகள் என்பதால், ஸ்டீராய்டு என்றாலே ஊக்கமருந்து என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் விளையாட்டில் தடை செய்யப்பட்ட எரித்ரோபொயட்டின் ஸ்டீராய்டு இல்லை, அது ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜனும் கார்ட்டிசோலும் ஸ்டீராய்டுகள். நம் எல்லோருடைய உடம்பிலும் இருக்கும் கொலஸ்டிராலும் அந்தக் குடும்பம்தான். அதையும் ஊக்கமருந்து என்று எழுதுவார்களா?

ஸ்டீராய்டு என்பது வடிவத்துக்கு வைத்த பெயர். ஆறு கார்பன் கொண்ட வளையங்கள் மூன்று, ஐந்து கார்பன் கொண்ட வளையம் ஒன்று, நான்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சட்டகம். அந்தச் சட்டகம் இருந்தால் ஸ்டீராய்டு, அவ்வளவுதான். அது என்ன வேலை செய்யும் என்பதைப் பெயர் சொல்வதில்லை. வடிவத்தின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேலையின் பெயரை வைத்தால், அந்த வேலையைச் செய்யாதவற்றுக்கெல்லாம் பொய்ப்பெயர் சூட்டியதாகிவிடும்.

நியூரோஸ்டீராய்டு விஷயத்தில் அது வெறும் பொய்ப்பெயர் கூட இல்லை, நேர் எதிரான பெயர். இவற்றில் அதிகம் பேசப்படுவது அல்லோபிரெக்னனோலோன். புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் இரண்டு நொதிகளின் கைபட்டு இதுவாக மாறுகிறது. மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கி வைப்பது காபா என்ற வேதிப்பொருள். அது வந்து உட்காரும் காபா-ஏ ஏற்பியில் அல்லோபிரெக்னனோலோனும் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அந்த அடக்கத்தை இன்னும் கூட்டுகிறது. பதற்றம் தணிகிறது, தூக்கம் வருகிறது, வலிப்பு மட்டுப்படுகிறது. நரம்பைத் தணிக்கிற பொருளுக்கு ‘நரம்பு ஊக்க’ என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் என்னதான் புரிந்துகொள்வார்? பிரெக்னெனோலோன் சல்ஃபேட் போன்ற சில, இதற்கு மாறாக நரம்பணுவைத் தூண்டுவதும் உண்டு. ஒரே குடும்பத்தில் தணிப்பதும் தூண்டுவதும் இருக்கும்போது பெயரில் ‘ஊக்கம்’ எப்படிப் பொருந்தும்?

‘மருந்து’ இன்னும் மோசம். உடம்பு தானே செய்துகொள்வதை மருந்து என்று யாரும் சொல்வதில்லை. இதே அல்லோபிரெக்னனோலோனைச் சிரை வழியே செலுத்தும் மருந்தாக்கி, பிரெக்சனோலோன் என்ற பெயரில் 2019-இல் அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அனுமதித்தார்கள். 60 மணி நேரம் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருந்தது. 2023-இல் சுரானோலோன் என்ற வாய்வழி மருந்தும் வந்தது, 14 நாள் எடுப்பது. அங்கே தாராளமாக மருந்து என்று எழுதட்டும். உடம்பில் இருப்பதையும் அப்படியே எழுதியதால்தான் என் தங்கை ‘நான் எடுக்கவே இல்லையே’ என்று பதறினாள்.

‘நரம்பு இயக்குநீர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஹார்மோனுக்கு இயக்குநீர் எனக்குப் பிடித்த சொல். ஆனால் நரம்பணுவிலிருந்து இரத்தத்தில் கலந்து தொலைவுக்குப் போய் வேலை செய்யும் ஆக்சிடோசின் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது. நியூரோஸ்டீராய்டு பெரும்பாலும் உருவான இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடும் ஷ்வான் செல்கள் தாமே புரோஜெஸ்டிரான் தயாரித்து, அதே உறை உருவாக அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்ல உதாரணம்.

என் தெரிவு ‘நரம்பக ஸ்டீராய்டு’. ‘அகம்’ உள்ளே என்பதைச் சொல்லிவிடுகிறது. நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உருவாவது என்ற பொருள் வந்துவிடுகிறது. ஸ்டீராய்டை அப்படியே விட்டதற்குத் தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். வடிவத்தைச் சொல்லும் தமிழ்ச்சொல் ஒன்று நிலைபெறட்டும், நானே முதலில் மாற்றிக்கொள்கிறேன். தமிழாக இருக்கிறது என்பதற்காகத் தவறான சொல்லை ஏற்க முடியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எங்கே உருவானாலும் சரி, நரம்பணுவின் இயக்கத்தை மாற்றும் ஸ்டீராய்டுகள் எல்லாவற்றுக்கும் ஆய்வாளர்கள் வேறொரு பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ‘நரம்புவினை ஸ்டீராய்டு’ எனலாம். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரானை ஏராளமாகச் சுரப்பதால் அல்லோபிரெக்னனோலோனும் ஏறுகிறது. அதில் எல்லாமே மூளையில் உருவானதல்ல. ஆகவே அந்தக் கையேட்டு வரிக்குச் சரியான சொல் இந்த இரண்டாவதுதான்.

தங்கைக்கு அந்த வரியை இப்படி மாற்றி எழுதி அனுப்பினேன்: “கர்ப்பத்தின்போது உடம்பில் தானாகவே உயர்ந்திருந்த, மனதைத் தணிக்கும் நரம்புவினை ஸ்டீராய்டு ஒன்று பிரசவம் ஆனதும் சட்டென்று இறங்குகிறது. சில தாய்மார்களுக்கு மனச்சோர்வு வர இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.” அரை மணி கழித்து, “அப்ப இது என் தப்பு இல்லைதானே அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்று எழுதிவிட்டு, மருத்துவரைப் பார்க்க நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.