நடக்கச் சொல்லுமுன் தெருவைப் பாருங்கள்

"தினமும் நடக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டால், பாதிப் பேர் பதில் சொல்லாமல் தரையைப் பார்ப்பார்கள். பிசியோதெரபிஸ்டான நானும் அதைச் சோம்பல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். முழங்கால் தேய்மானத்துக்காக வரும் 68 வயது அம்மா ஒருவர்தான், "எங்கே நடப்பது டாக்டர்? மொட்டை மாடியில் எட்டுப் போடுகிறேன்" என்றார். ஒருநாள் மாலை, அளவு நாடாவுடன் சென்னையில் அவர் வசிக்கும் தெருவுக்கே போனேன்.

நடைபாதை விளிம்பின் உயரம் 28 சென்டிமீட்டர். 15-ஐத் தாண்டக் கூடாது என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிமுறை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் ஏற முடிந்தது. ஏறியும் பயனில்லை. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கு முன்பும் கார் ஏறுவதற்கான சரிவு. இறங்கு, ஏறு, மறுபடி இறங்கு. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. நான்காவது வீட்டருகே டிரான்ஸ்பார்மர் வழியை அடைத்து நின்றது. அவர் சாலையில் இறங்கினார். பின்னாலிருந்து ஹாரன்.

அடுத்த தெருவிலும் நடைபாதை சுமார்தான். ஆனால் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். நான் சொல்லாமலே அங்கே திரும்பினார், ஒரு திண்ணையில் உட்கார்ந்தார், எழுந்து மேலும் நடந்தார். மணி நாலரை. நிழலில்லாத தெருக்காரர்களுக்கு விடியற்காலையை விட்டால் நடக்க நேரமே கிடையாது. மருந்து போட்டுத் தூங்கும் முதியவரை ஐந்து மணிக்கு எழச் சொல்வதில் என்ன நியாயம்?

அந்த மரங்களுக்கும் அடிமரம் வரை சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நீரும் காற்றும் கிடைக்காத வேர் மேலே வரும், கல்லைப் பெயர்க்கும். பிறகு தடுக்குகிறது என்று மரத்தையே வெட்டுவார்கள்.

2019-இல் நடைபாதையை அகலப்படுத்திய பாண்டி பஜாரில், அரை கிலோமீட்டர் முடியாது என்று என்னிடம் சொன்னவர்களே தீபாவளிப் பைகளோடு இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். வலி மறுநாள்தான் தெரிந்ததாம்!

அந்த அம்மாவுக்கு இப்போது நிமிடக் கணக்கு எழுதித் தருவதில்லை. ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்திருக்கிறேன்: எங்கே சாலையைக் கடப்பது, எந்த மரத்தடியில் உட்காருவது, எந்த வீட்டுச் சரிவைத் தவிர்ப்பது.