வயல்வரம்பில் நடக்கும் பூனையை எப்படி எண்ணுவது?

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆறு வந்து விழும் பக்கம் வயல், சதுப்பு, கண்டல், பற்றைக்காடு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். மீன்பிடிப் பூனை விரும்புவது இப்படிப்பட்ட நிலத்தைத்தான். விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வு, நீர் தோலுக்கு இறங்காதபடி அடர்ந்த அடிமயிர், நீந்தும்போது திசைதிருப்ப உதவும் தடித்த குட்டை வால் என்று உடல் முழுவதும் தண்ணீருக்காகவே அமைந்த விலங்கு அது. இலங்கையின் சிறுபூனை இனங்கள் மூன்றில் இதுவே பெரியது. மற்றவை, காதுநுனியில் கறுப்பு மயிர் கொண்ட காட்டுப் பூனையும், பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும் துரும்பன் பூனையும். துரும்பன் பூனை இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை.

இவற்றைக் கண்ணால் பார்ப்பதே அரிது. பிறகு எப்படி எண்ணுவது?

ஆய்வாளர் நம்பியிருப்பது தானியங்கிக் கமராவை. தரையிலிருந்து 30 அல்லது 40 சென்ரிமீற்றர் உயரத்தில் மரத்திலோ கம்பத்திலோ கட்டுவார்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் ஒன்று முன்னால் நகர்ந்தால் உள்ளேயுள்ள உணரி அந்த வெப்ப மாற்றத்தைப் பிடித்துப் படம் எடுக்க வைக்கும். ஆவணி வெயிலில் நிலமே உடற்சூட்டை எட்டிவிடும்போது உணரி தடுமாறும். வெயில் ஏறிய புல் காற்றில் ஆடினாலும் படம் விழும். கிண்ணியாப் பக்கம் கமரா வைத்தால் பூனைக்கு முன் எருமைகள்தான் வரிசையாக வந்து நிற்கும். அத்தனை படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பதும் இந்தத் தொழிலின் பகுதி.

ஓரிடத்தில் ஒரு கமரா போதாது, எதிரெதிரே இரண்டு வேண்டும். மீன்பிடிப் பூனையின் புள்ளிகள் பூனைக்குப் பூனை வேறுபடும். ஒரே பூனையின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றாக இருக்காது. இருபக்கப் படமும் ஒரே கணத்தில் கிடைத்தால்தான் இது இன்ன பூனை என்று உறுதியாகப் பிரித்தறியலாம். பிறகு கணக்கு. முதல் சுற்றில் 12 பூனைகள், இரண்டாம் சுற்றில் 10, அந்தப் பத்தில் 4 ஏற்கெனவே பதிவானவை என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் 30. பழைய முகங்கள் குறைவாகத் திரும்பினால், கமராவுக்கு அகப்படாதவை இன்னும் நிறைய இருக்கின்றன என்று பொருள். இன்றைய கணிப்பு முறைகள் இதைவிட நுணுக்கமானவை, ஆனால் அடிப்படை இதுதான்.

காட்டுப் பூனையிடம் இந்த வழி பலிக்காது. அதன் உடலில் புள்ளி இல்லை, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே தலைகளை எண்ணாமல், எந்தெந்த இடங்களில் அது உண்டு, எங்கே இல்லை என்று திரும்பத் திரும்பச் சோதித்து அதன் பரவலைக் கணிக்கிறார்கள்.

கழுத்துப்பட்டி கட்டிச் செய்மதி வழியே தொடரலாமே என்று தோன்றும். பட்டியின் எடை விலங்கின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை. எட்டுக் கிலோ மீன்பிடிப் பூனைக்கு 400 கிராம் வரை இடமுண்டு. 1.2 கிலோ துரும்பன் பூனைக்கோ வெறும் 60 கிராம். அதற்குள் அடங்கும் பற்றரி நெடுநாள் தாங்காது. துரும்பன் பூனையைப் பற்றி நாம் அறிந்தது குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலைக்கு விலங்கியல் பட்டமும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஆனால் கமக்காரரோடு உட்கார்ந்து பேசத் தெரியாதவர் இதில் நிலைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். சிறுபூனைகள் பூங்கா எல்லைக்குள் மட்டும் வாழ்வதில்லை. நம் வயலோரத்திலும் குளக்கட்டிலும் திரிகின்றன. ராஜஸ்தானின் சரிஸ்காவில் செய்த ஆய்வு, காட்டுப் பூனை ஒன்று நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகள் வரை தின்னும் என்று கணித்தது. எலியால் நெல் இழக்கும் விவசாயிக்கு இதைவிட நல்ல செய்தி ஏது?

பெரும்போக அறுவடையில் புல்லுக்குள் புள்ளிக் குட்டிகள் கிடந்தால், சிறுத்தைக் குட்டி என்று பலர் பயந்துவிடுகிறார்கள். இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப்போவோரும் உண்டு. இரண்டும் வேண்டாம். அவை பெரும்பாலும் மீன்பிடிப் பூனையின் குட்டிகளாகவே இருக்கும், தாயும் அருகில்தான் பதுங்கியிருக்கும். அந்த மூலையை மட்டும் வெட்டாமல் விட்டு, நாயைக் கட்டிவைத்து, ஆட்கள் விலகினால் இருட்டியபின் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும் வாய்ப்பு அதிகம். மறுநாளும் குட்டிகள் அங்கேயே கிடந்தால் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.