வெற்றிலைச் சுண்ணாம்பும் புகைபோக்கியும்

சிங்கப்பூரின் தேக்காவில் வெற்றிலையோடு வாங்கும் சுண்ணாம்பை வீட்டில் மூடாமல் வைத்துப் பாருங்கள், மேலே ஓடு கட்டிவிடும். அதனால்தான் என் பாட்டி டப்பாவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அந்தக் கல் 100 கிராம் இருந்தால், அதில் 44 கிராம் கரியமில வாயு.

எண்ணெய், இரசாயன ஆலைகள் நிறைந்த நம் ஜூரோங் தீவின் புகைபோக்கிகளில் பிடிக்கும் கரியமில வாயுவை என்ன செய்யலாம் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வரும்.

கரியமில வாயு ஒரு வகையில் சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வெளியேறிய ஆற்றல் அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வழியில் வீணாவது தனிக் கணக்கு. அந்த வாயுவிலிருந்து மெத்தனால் என்ற எரிபொருளைச் செய்வது அப்படித்தான். ஒரு மூலக்கூறு வாயுவுக்கு மூன்று மூலக்கூறு ஹைட்ரஜன் வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரம் வேண்டும். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. அதை வைத்து எரிபொருள் செய்தால், பிடிப்பதைவிட வெளியே விடுவதே அதிகமாகிவிடும்.

கல்லாக்குவதோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் மாதிரி. தானாக நடக்கும், வெப்பத்தையும் வெளியிடும். கான்கிரீட் கலக்கும்போதே வாயுவைச் செலுத்தினால், சிமெண்டின் கால்சியத்தோடு சேர்ந்து நுண்ணிய கல்துகளாகிறது. கான்கிரீட்டும் வலுப்படுவதால் சிமெண்டைக் கொஞ்சம் குறைக்கலாம். இங்கே பான்-யுனைடெட் நிறுவனம் இதைச் செய்கிறது.

சரி, கால்சியம் எங்கிருந்து வரும்? சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு எடுத்தால், டன்னுக்கு 440 கிலோ வாயு சூளையிலேயே போய்விடும். அதையே திரும்பப் பிடித்து என்ன பயன்? சுடாமல் கிடைக்கும் கால்சியம் வேண்டும். கடலில் இருக்கிறது. 2023-இல் துவாஸில் தொடங்கிய ஒரு முன்னோட்ட ஆலை, கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி, காற்றை ஊதி, வாயுவைக் கிளிஞ்சல் ஓட்டைப் போன்ற திடப்பொருளாக்குகிறது. ஹைட்ரஜனும் கிடைக்கிறது.

என் நம்பிக்கை சாம்பல்மேல்தான். குப்பையை எரித்த சாம்பல் கடல்வழியாகச் செமாக்காவ் குப்பை நிரப்புமிடத்துக்குப் போகிறது. அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அந்தச் சாம்பலில் கால்சியம் நிறைய. கரியமில வாயுவோ குப்பையை எரிக்கும் அதே ஆலையின் புகைபோக்கியில். சாம்பலை ஈரமாக்கி அந்தப் புகையை உள்ளே விட்டால், மூடாமல் வைத்த வெற்றிலைச் சுண்ணாம்பில் நடப்பதே நடக்கும். சாம்பலிலுள்ள ஈயம் கசிவதும் குறையும்.