கேம் திணறுகிறதா? புது லேப்டாப் வாங்கும் முன் சூட்டைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கமிருந்து சர்வீஸுக்கு வரும் கேமிங் லேப்டாப்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: “அண்ணே, சைபர்பங்க் 2077 ஆரம்பத்துல நல்லா ஓடுது. கொஞ்ச நேரத்துல எஃப்பிஎஸ் பாதியா விழுந்துடுது. புதுசு வாங்கிரவா?”

எஃப்பிஎஸ் என்றால் நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்குத் திறன் போதாவிட்டால் கேம் தொடங்கியதுமே திணறும். நன்றாக ஓடிவிட்டுப் போகப்போக விழுந்தால், பெரும்பாலும் சூடுதான் காரணம். புராசஸர் பலவும் 95 முதல் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரை மாட்டிக் கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே காட்டும் பேஸ் ஸ்பீடுக்கும் (புராசஸரின் அடிப்படை வேகம்) கீழே வேகம் இறங்கினால் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

நம் கரையில் இந்தத் தொல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணல்தூசியோடு உப்பும் உள்ளே போகும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலோர இரவுகளில் அது சாதாரணம். ஃபேன் இறக்கை பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஃபேனைக் கழற்றினால், பின்னால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துண்டு மாதிரி ஒட்டியிருக்கும். செம்புக் குழாயில் பச்சை பூத்திருக்கும். காற்று வெளியேற வழியே இல்லை.

வெறும் ப்ளோயர் இதற்குப் போதாது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்து, புராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனைச் சுழல விடாதீர்கள், பேரிங் கெடும். பழக்கமில்லாதவர்கள், வாரண்டி உள்ளவர்கள் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். போர்டில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் ஆன் செய்யவே வேண்டாம்.

சூடு அடங்கிய பிறகு கேமின் செட்டிங்ஸுக்கு வாருங்கள். முதலில் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது), அடுத்து நிழல், பிறகு பிரதிபலிப்பு என்ற வரிசையில் குறையுங்கள். திரைத் துல்லியத்தை 1440பி-யிலிருந்து 1080பி-க்கு இறக்கினால் வரைய வேண்டிய பிக்சல்கள் 44 சதவீதம் குறையும். ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத லேப்டாப்பில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மெத்தைமேல் வைத்து விளையாடுவதை இன்றே நிறுத்துங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேசை கிடந்தால் உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிடுங்கள்.