கள்ளக் கோரிக்கை: ஒரு சொல் விளக்கம்

கிளிநொச்சியில் இணையச் செயலி எழுதப் பழகும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, உள்நுழைந்திருக்கும் பயனரின் பெயரில் அவர் அறியாமலே வேறொரு தளம் கோரிக்கை அனுப்பும் தாக்குதலைக் குறிக்கும் 'கிறொஸ் சைற் றிக்குவெஸ்ற் ஃபோர்ஜரி' என்ற தொடரை நான் பல காலம் 'குறுக்குத்தளப் போலிக் கோரிக்கை' என்றே பலகையில் எழுதிவந்தேன். அந்தப் 'போலி' என்ற சொல்லே மாணவர்களைத் திசைமாற்றியது என்பது ஒரு செய்முறை வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது.

பயிற்சிக்காக அவர்களே எழுதியிருந்த கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவேட்டில் ஒரு மாணவி உள்நுழைந்திருந்தார். உலாவியின் பக்கத்துத் தத்தலில் (ராப்), நான் ஆக்கிவைத்திருந்த நெல் விலைப் பக்கத்தைத் திறந்து, நாட்டரிசி நெல்லின் விலையைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டுக்குத் திரும்பியபோது, அதிலிருந்த அவருடைய தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. "நான் எங்கேயும் பாஸ்வேர்ட் குடுக்கேல்லையே, சேர்" என்றவர், அந்த விலைப்பக்கம் எந்தத் தளத்தைப் போல வேடமிட்டது என்று அதன் முகவரியை எழுத்தெழுத்தாகத் தேடத் தொடங்கினார். அது எந்தத் தளத்தைப் போலவும் வேடமிடவில்லை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத படிவமொன்று, பக்கம் திறந்தவுடன் பதிவேட்டுக்குத் தானாகவே அனுப்பப்படும்படி இருந்தது; அவ்வளவுதான்.

உள்நுழைந்தவரை அடையாளம் காணச் சேவையகம் உலாவியிடம் குக்கி என்ற சிறு அடையாளத் தரவைக் கொடுத்துவைக்கிறது. அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும், அதைத் தூண்டியது எந்தப் பக்கம் என்று பாராமல் குக்கியை இணைத்தனுப்புவதே உலாவியின் பழைய வழக்கம். காணிக்காரர் ஒருவரிடமிருந்து அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், பெற்ற ஒருவர், தாளை நீட்டியவர் யாரென்று கேளாமல் கையெழுத்து வைப்பதற்கு ஒப்பானது இது. கையெழுத்து உண்மையானது, அதிகாரமும் உண்மையானது. காணிக்காரரின் விருப்பம் மட்டுமே அதில் இல்லை.

ஆங்கிலத் தொடரை 2001இல் பீற்றர் வாட்கின்ஸ் என்பவர் முன்வைத்தார். அதன் சுருக்கமான CSRF என்பதை 'சீ-சர்ஃப்' என்று ஒலிப்பாரும் உண்டு. 'ஃபோர்ஜ்' என்பது பட்டறையைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபாப்ரிக்கா' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. உலோகத்தை அடித்து உருவாக்குதல் என்ற பொருள், இல்லாததை உருவாக்குதல் என்றும், பிறகு பத்திர மோசடி என்றும் விரிந்தது. நம்முடைய 'போலி'யோ 'போல்' என்பதிலிருந்து பிறந்தது. முகம் என்பது முகன் என வருவதைக் கடைப்போலி என்று இலக்கணம் சொல்லும்போதும் ஒன்றன் இடத்தில் இன்னொன்று நிற்பதே கருத்து. ஒரு வங்கியின் பக்கத்தைப் போலவே இன்னொரு பக்கம் செய்து கடவுச்சொல்லைப் பிடுங்கும் மோசடிக்கு அது பொருத்தமான சொல். இங்கே ஒன்றைப் போல இன்னொன்று எதுவும் இல்லை.

வன்னியில் காணிப் பிணக்கு நடக்கும் வீடுகளில் 'கள்ள உறுதி' என்ற சொல்லைக் கேட்கலாம்; உறுதி என்பது காணிப் பத்திரம். வேறொரு தாளென்று சொல்லி ஒரு முதியவரிடம் கையெழுத்து வாங்கி உறுதி முடித்தாலும் அது கள்ள உறுதிதான். கையெழுத்து அவருடையதே என்பதால் அது நல்ல உறுதியாகிவிடாது. களவு, கள்வன் என்பவற்றோடு உறவுடைய 'கள்ளம்' மறைவையும் உரியவரின் சம்மதமின்மையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே 'தளங்கடந்த கள்ளக் கோரிக்கை' என்பதே சரியான ஈடு என்று நான் கருதுகிறேன். 'குறுக்கு' என்பது குறுக்குவழியை நினைவூட்டுவதால் அதையும் விட்டுவிட்டேன்.

சொல் திருந்தியதும் காப்பும் தெளிவாகிறது. முகவரியை உற்றுப் பார்க்கும்படி பயனருக்குப் புத்தி சொல்வதால் இங்கே பயனில்லை. கோரிக்கை தன் படிவத்திலிருந்துதான் புறப்பட்டதா என்று சேவையகமே கேட்கவேண்டும். அதற்காக, ஊகிக்கமுடியாத எழுத்துக்கோவை ஒன்றைப் படிவத்துக்குள் மறைத்துவைத்து, அது திரும்பி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரோக்கன் எனப்படும் இதை, ஆசுப்பத்திரியில் இலக்கத் துண்டு எடுத்துப் பழகிய நாம் 'காப்புத் துண்டு' எனலாம். வேறு தளத்திலுள்ள பக்கம் கோரிக்கையை அனுப்ப முடிந்தாலும், நம் தளத்தின் பக்கத்தை வாசிக்க உலாவி அதை விடாது; ஆகையால் துண்டிலுள்ளது அதற்குத் தெரியவராது. 2020 பெப்ரவரியில் வந்த குரோம் உலாவியின் 80ஆம் பதிப்பு முதல், தளக் கட்டுப்பாடு எதுவும் குறிக்கப்படாத குக்கிகளைப் பிற தளங்களிலிருந்து எழும் பெரும்பாலான கோரிக்கைகளோடு அனுப்பாமலிருக்கும் வழக்கம் பரவத் தொடங்கியது. ஆயினும் இணைப்பைச் சொடுக்கிப் போகும்போது குக்கி கூடவே போவதால், வெறும் இணைப்பினால் தரவை மாற்றவோ அழிக்கவோ இடம்வைக்கும் செயலி இன்றும் திறந்த வீடுதான்.

மாணவர்கள் செயலி எழுதப் பயன்படுத்தும் லாரவெல் என்ற கட்டமைப்பில் காப்புத் துண்டு இல்லாமல் படிவம் வந்தால் 419 என்ற பிழை எழும். அதைக் கண்டதும் சரிபார்ப்பையே நிறுத்திவிடும் மாணவர்களிடம், துண்டைச் சேர்க்க ஒரு வரி போதும் என்று காட்டுகிறேன். விலைப்பக்கத்தை ஆராய்ந்த அந்த மாணவி, அன்று மாலையே நிறுத்தியிருந்த சரிபார்ப்பை மீண்டும் இயக்கி, பதிவேட்டின் எல்லாப் படிவங்களிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டு, என் நெல் விலைப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தார். தொலைபேசி இலக்கம் மாறவில்லை.